எல்லாருக்கும் அதே பீர்

வாகாசா, செப்டம்பர் 8

நாகிசாவுக்கு,

வெயில் இன்னும் குறையல. துறைமுகத்துல கணவாய் வர ஆரம்பிச்சாச்சு. நான் நல்லா இருக்கேன், நீயும் நல்லா இருப்பேன்னு நினைக்கிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியது முடிஞ்சது.

போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறோம். ஓபோன் திதி லீவுக்கு வந்தவ, அப்பா அம்மா கல்லறைக்குத் தண்ணி ஊத்தின கை காயறதுக்குள்ள என்கிட்ட சண்டை போட்டுட்டு, கதவை அறைஞ்சு சாத்திட்டு முந்தின ரயிலுக்கே கிளம்பிட்ட. அதனால இனிமே கடிதம்தான். கடிதத்துல கத்தினா பக்கத்து வீட்டுக்குக் கேக்காது.

விஷயத்தை ஒருதரம் தெளிவா எழுதிடறேன். அப்பாவோட ஐஸ் கொட்டகையில பாதி உன்னுது, பாதி என்னுது. துறைமுகத்துக்குச் சொந்தமா ஐஸ் மிஷின் வந்ததுலேருந்து அது சும்மா கிடக்கு. பின்பக்கத்து ஓட்டல்காரர் அதை வாங்கி, இடிச்சு, கார் நிறுத்தற இடமாக்கணும்னு நிக்கறார். வருஷக் கடைசிக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும். உனக்கு அங்க பீர் காய்ச்சணும். அதுக்காக ஒசாகாவுல கிடைச்ச நல்ல வேலையை விட்டுட்டு, வடக்கே தோனோவுல ஒரு சின்ன பீர் ஆலையில தொட்டி கழுவிக்கிட்டிருக்க. முப்பத்தெட்டு வயசுல.

எனக்கு ரெண்டே கேள்வி. என்ன பீர்? அதை இந்த ஊர்ல யார் குடிப்பா? எனக்குப் புரியற மாதிரி பதில் சொல்லு, விக்க வேண்டாம். சொல்ல முடியலன்னா வித்துடலாம். கனவு, மனசு, உள்ளுணர்வுன்னு எழுதினா அந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டேன்.

நான் மருந்துக்கடை கவுன்ட்டர்ல நிக்கறவ. இந்த ஊர்ல யாருக்குக் கல்லீரல் எப்படின்னு எனக்குத் தெரியும். ஞாபகம் வெச்சுக்கோ.

தோமோயே


தோனோ, செப்டம்பர் 19

அக்கா!

சண்டை போடறதுக்குன்னே உட்கார்ந்து, சண்டை போடாம எழுதறேன். பாரு எவ்வளவு திருந்திட்டேன்னு.

முதல்ல கொட்டகை. அதை நீ பழைய ஐஸ் கொட்டகையா பாக்கற. நான் பாக்கறது சரிவா போட்ட தரை, நடுவுல தண்ணி போற கால்வாய், ஒரு முழ கன சுவர், வெயில் நுழையாத அறை. அக்கா, இதெல்லாம் புதுசா கட்டறதுக்கு ஒவ்வொருத்தன் தலையால தண்ணி குடிக்கிறான்! நமக்கு அப்பா கட்டியே வெச்சுட்டுப் போயிருக்கார். மூணு தொட்டி தாராளமா நிக்கும். நாலாவது நிக்காது, நான் ஓபோன் அன்னிக்கே நாடா வெச்சு அளந்துட்டேன். (அதுக்குத்தான் நீ சமையல்கட்டுலேருந்து "என்ன பண்ற"ன்னு கத்தினது.)

மூணு தொட்டி. ஆனா என் மனசுல நாலு பீர். ஐயோ, மனசுன்னு எழுதிட்டேன். தலையில நாலு பீர்.

வீட்ல பீர் காய்ச்சினா சட்டப்படி குத்தம்னு உனக்குத் தெரியும். அதனால இங்க முதலாளியம்மா ஓரமா ஒரு சின்னத் தொட்டியை எனக்குன்னு விட்டிருக்காங்க. அதுல நாலையும் காய்ச்சிட்டேன். குளிர்ப் பார்சல்ல அனுப்பறேன். மூடியில டேப்பு ஒட்டியிருக்கேன். சிவப்பு டேப்பு, கசப்பு. இங்க தோட்டத்துல அறுத்த ஹாப்ஸ் பூவைப் பச்சையா அள்ளிப் போட்டது. வெள்ளை, கோதுமை பீர், மெத்துனு இருக்கும். கறுப்பு, புகையில வாட்டின பார்லி. பச்சை, நம்ம ஊர் உமே காய் போட்ட புளிப்பு. எது என் செல்லம்னு சொல்ல மாட்டேன். (சிவப்பு.)

எல்லாரும் குடிக்கிற மஞ்சள் பீர் எங்கடின்னு கேப்ப. அது குளிர்ல மாசக்கணக்கா தொட்டியிலேயே தூங்கும். இருக்கறதே மூணு தொட்டி, அதுல ஒண்ணைத் தூங்க விட்டா நான் என்ன விக்கறது? அதோட, அதைப் பெரிய கம்பெனிக்காரங்க நல்லாவே பண்றாங்க. நான் எதுக்கு?

யார் குடிப்பாங்கன்னு கேட்டியே, அது எனக்குத் தெரியல. அந்த ஊர்ல இருக்கறது நீதான். ஊர்க்காரங்களுக்கு ஊத்திக் கொடுத்துக் கேளேன். நீ குடிக்க வேண்டாம், ஊத்தினா போதும்.

நாகிசா


வாகாசா, அக்டோபர் 12

நாகிசாவுக்கு,

மழை விட்டு குளிர் வந்தாச்சு. பார்சல் உடையாம வந்தது. பாட்டிலுக்கு உன் பழைய சாக்ஸைச் சுத்தி அனுப்பற புத்தி உனக்கு மட்டும்தான் வரும்.

ஞாயித்துக்கிழமை கோயில் திருவிழாவுக்கு வளாகத்தைப் பெருக்கிட்டு, வழக்கம்போல எல்லாரும் ஊர்க்கூடத்துல உட்கார்ந்தோம். ஊர்ச்சங்கத் தலைவர் ஹாமாஓகா-சான் இன்னமும் அதே குரல். மீன் ஏலம் விடறதை விட்டு வருஷமாச்சு, தொண்டை மட்டும் ஓய்வெடுக்கல. முடி வெட்டற கியோமி, கோயில் பூசாரி, எல்லாரும் இருந்தாங்க. நாலு டேப்பையும் காட்டி, எது எதுன்னு நீ எழுதினதை அப்படியே படிச்சேன். "எது வேணும், கேளுங்க"ன்னேன்.

தலைவர் "சிவப்பு"ன்னார். மத்தவங்களும் சிவப்புன்னாங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம சிவப்பு. கூடத்துல இருந்த அத்தனை பேரும் குடிச்சுட்டு "ருசியா இருக்கு, ருசியா இருக்கு"ன்னாங்க. கியோமி "நாகிசா கெட்டிக்காரி"ன்னா. மத்த மூணு டேப்பையும் யாரும் தொடல.

எனக்கு நம்ப முடியல. மோந்து பாத்தேன், பைன் மரத்தை வெட்டின வாசனை. ஆனா நான் கேட்ட கேள்விக்கு ஊரே பதில் சொல்லியிருக்கு. சொன்ன வாக்கை நான் மீற மாட்டேன். சிவப்புன்னா சிவப்பு.

மத்த பாட்டிலை என்ன பண்றது? ஃப்ரிட்ஜ்ல முட்டை வைக்க இடமில்ல.

தோமோயே


தோனோ, அக்டோபர் 18

அக்கா அக்கா அக்கா!

உன் கடிதத்தை ஆலைக்குள்ளேயே படிச்சுட்டு ரப்பர் பூட்ஸோட குதிச்சேன். முதலாளியம்மா எதுவோ கொட்டிடுச்சுன்னு ஓடி வந்தாங்க. அவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன். "ஒரு மீன்பிடி ஊர் முழுக்க கசப்பு பீரா? பத்து வருஷமா நான் பண்றேன், இங்க இன்னும் பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறான்"ன்னாங்க. எங்க ஊர்க்காரங்க நாக்கு அப்படின்னு பீத்திக்கிட்டேன்.

அப்போ முடிவு பண்ணிட்டேன். மூணு தொட்டியில ரெண்டு சிவப்பு. மூணாவதுல கறுப்பு. புளிப்பும் கோதுமையும் இப்போதைக்கு வேண்டாம். யாரும் தொடாததை எதுக்குக் காய்ச்சணும்? ஹாப்ஸ் தோட்டத்துக்காரர்கிட்ட அடுத்த வருஷ அறுவடையில எனக்கும் கொடுங்கன்னு சொல்லிட்டேன்.

ஹாமாஓகா தாத்தாவுக்கு என் நமஸ்காரம். சின்ன வயசுல அவர் குரலுக்கு நான் அழுவேன். இனிமே அந்தக் குரலைக் கேட்டா கட்டிப்பிடிச்சுக்குவேன்.

முட்டையை வெளியில வை. குளிர்தானே.

நாகிசா


வாகாசா, நவம்பர் 2

நாகிசாவுக்கு,

இதை எப்படி எழுதறதுன்னு நாலஞ்சு நாளா பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சுத்தி வளைக்காம எழுதிடறேன். சிவப்பு யாருக்கும் பிடிக்கல.

அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் கிளாஸ் கழுவினது நான்தான். அத்தனையும் நிறைஞ்சு நின்னுது. ஒரு வாய் குடிச்சுட்டு அப்படியே வெச்சிருக்காங்க. காலி பண்ணா பக்கத்துல இருக்கறவங்க ஊத்திடுவாங்களே, அதான். எப்பவும் கொஞ்சம் மிஞ்சும், ஆனா இப்படி எல்லாமே மிஞ்சாது. அப்பவே எனக்கு ஏதோ தட்டுப்பட்டுச்சு. நீ சந்தோஷமா எழுதினதைப் படிச்சதும் இன்னும் நல்லா உறுத்திச்சு.

நேத்து ஹாமாஓகா-சான் மாத்திரை வாங்க வந்தார். கடையில யாரும் இல்ல. கேட்டுட்டேன்.

"தலைவரே, அந்தச் சிவப்பு டேப்பு பீர் உங்களுக்கு நிஜமாவே பிடிச்சுதா?"

அவர் வாசலைத் திரும்பிப் பாத்தார். அப்புறம், நம்பு, அந்தத் தொண்டையில ரகசியம் பேசினார். "தோமோயே, யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு பீரே பிடிக்காதும்மா."

"என்ன சொல்றீங்க! இத்தனை வருஷமா ஒவ்வொரு கூட்டத்துலயும் 'முதல்ல பீர்'னு சொல்றதே நீங்கதானே?"

"நான் உட்கார்ந்து யோசிச்சா எல்லாரும் காத்துக்கிட்டு உட்காரணும். எனக்கு முன்னாடி யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. பீர்னா சட்டுனு எல்லாருக்கும் ஒண்ணா வந்துடும். அவங்களுக்குப் பிடிக்குதேன்னுதான் சொல்றேன்."

"நீங்க சொல்றீங்களேன்னுதான் அவங்க 'எனக்கும் அதே'ங்கறாங்க."

"அப்படியா?" அப்படியே ரத்த அழுத்தம் பாக்கற ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். மனுஷன் முகம் போன போக்கைப் பாத்து அழுத்தமும் பாத்துட்டேன்.

"சரி, நாலுல ஏன் சிவப்பு?"

"அதுதான் என் கைக்குப் பக்கத்துல இருந்துச்சு."

இதுதான் நடந்தது. பாட்டிலை வரிசையா வெச்சது நான். பச்சையை அங்க வெச்சிருந்தா ஊர் முழுக்கப் பச்சை கேட்டிருக்கும். உன்னை ஆகாசத்துல ஏத்திவிட்டு இப்போ கீழ இழுக்கறேன். எனக்கே சங்கடமா இருக்கு. ஆனா பொய்யை நம்பி நீ தொட்டி வாங்கறதைப் பாத்துக்கிட்டிருக்க முடியாது.

தோமோயே


தோனோ, நவம்பர் 10

அக்கா,

இங்க முதல் பனி விழுந்தாச்சு. மரியாதை முடிஞ்சது.

எனக்கு மானம் போச்சு. ஊர் நாக்கு, எங்க நாக்குன்னு முதலாளியம்மாகிட்ட என்னெல்லாம் பேசினேன்! அவங்க சிரிக்கக்கூட இல்ல, முதுகுல தட்டிட்டுப் போனாங்க. அது இன்னும் மோசம்.

அத்தனை பேர்ல ஒருத்தர் கூடவா முகம் சுளிக்கல? கியோமிக்கு என்ன கேடு, என்னைக் கெட்டிக்காரின்னு சொல்ல? அப்போ நான் என்னதான் பண்ணணும்? மஞ்சள் பீர் காய்ச்சணுமா? தலைவருக்குப் பிடிக்காத பீரை, தலைவருக்காக எல்லாரும் குடிக்க, எல்லாருக்காகவும் தலைவர் குடிக்க, அதுக்கு நான் இருந்ததையெல்லாம் விட்டுட்டு வரணுமா? வித்துடு. ஓட்டல்காரர் கார் நிறுத்தட்டும். காருக்காவது எந்த இடம் பிடிக்கும்னு தெரியும்.

*

மேல எழுதினதை ரெண்டு நாள் அனுப்பாம வெச்சிருந்தேன். கிழிக்கல, நீயும் படி.

நேத்து இங்க ஆலையை ஒட்டின கடையில நான் பரிமாற நின்னேன். ஆபீஸ்காரங்க ஒரு கும்பல். மேலாளர் "கோதுமை பீர்"னார். மத்தவங்க எல்லாரும் "அதே, அதே." சின்னப் பொண்ணு ஒருத்தி பலகையில இருக்கற கறுப்பு பீரையே பாத்துக்கிட்டிருந்தா, அவளும் "எனக்கும் அதே." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் ஒசாகாவுல அத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தேன்! எங்க மேலாளர் கேட்டதையே கேட்டு, அவர் குடிச்சு முடிக்கிற நேரத்துக்கே முடிச்சு. எனக்கு எது பிடிக்கும்னு நான் கண்டுபிடிச்சதே தனியா ஒரு கடைக்குள்ள மழைக்கு ஒதுங்கினப்பதான்.

கோபம் கொஞ்சம் குறைஞ்சுடுச்சு. இப்போ தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. அந்த ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் உண்மையிலேயே எது பிடிக்கும்? இன்னொரு பார்சல் அனுப்பறேன். கூட்டம் வேண்டாம். தனித்தனியா. முடியலன்னா விடு.

நாகிசா


வாகாசா, நவம்பர் 27

நாகிசாவுக்கு,

நண்டு சீசன் வந்தாச்சு, ஊர்ல யாருக்கும் தலை நிமிர நேரமில்ல. ஆனாலும் கடை சாத்தினதும் கூடையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா போனேன். மருந்து கொண்டு வந்திருக்கேன்னு நினைச்சுக் கதவைத் திறந்தாங்க. ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒரே பேச்சு: "வேற யார் என்ன சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." மருந்துக்கடைக்காரி சொன்னா நம்பறாங்க.

உனக்கு மட்டும் எழுதறேன்.

ஹாமாஓகா-சானுக்குப் பச்சை. புளிப்புல முகம் சுருங்கிச்சு, கண்ணு மூடிச்சு, அடுத்தது என்னன்னு பாத்தா கிளாஸை நீட்டறார். அவர் வீட்டம்மா பின்னாடி நின்னு "இவர் குடிச்சு ரசிச்சு நான் பாத்ததே இல்ல"ன்னாங்க.

கியோமிக்குக் கறுப்பு. தவிட்டுல ஊறப் போட்ட கானாங்கெளுத்தியை அடுப்புல சுட்டு, அதோட குடிச்சா. "அன்னிக்கே இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன், எல்லாரும் சிவப்புன்னாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்"ன்னா. உன்னைக் கெட்டிக்காரின்னு சொன்னதை அவ வாபஸ் வாங்கல.

பூசாரிக்கு வெள்ளை. அவர் மாமியாருக்கும் வெள்ளை. அவங்க ரெண்டு பேரும் எதுலயாவது ஒத்துப்போனது இதுதான் முதல் தடவையாம்.

சிவப்பு ஒரே ஒருத்தருக்குத்தான் பிடிச்சுது. யார்னு சொன்னா நம்ப மாட்ட. ஓட்டல்காரர். விக்கறதைப் பத்தி பேசத்தான் வந்தார், சும்மா ஊத்திக் கொடுத்தேன். பேச்சை நிறுத்திட்டு கிளாஸையே பாத்தார். தானே இன்னொண்ணு ஊத்திக்கிட்டார். "தோமோயே-சான், இது எங்க கிடைக்கும்?"ன்னார். "நீங்க இடிக்கப் போற இடத்துல"ன்னேன். மனுஷன் பாட்டிலை முடிச்சுட்டுத்தான் போனார்.

எனக்கு இதுல இவ்வளவு சுவாரஸ்யம் வரும்னு நினைக்கல. கியோமிகிட்ட இருபது வருஷமா முடி வெட்டிக்கறேன், அவளைப் பத்தி இந்த ஒரு சாயங்காலத்துல தெரிஞ்சுக்கிட்டது அதிகம். அடுத்த வீட்டுக்காரர் எதைச் சொல்வார்னு நானே எனக்குள்ள பந்தயம் கட்டிக்கிட்டுப் போனேன். பாதி தோத்தேன்.

ஆனா பிரச்சினை அப்படியேதான் இருக்கு. இவங்களை எல்லாம் ஒரே பலகைக்கு முன்னாடி உட்கார வை, தலைவர் எதைச் சொல்றாரோ அதைத்தான் ஊரே குடிக்கும். நாலு பீர் காய்ச்சி, மூணைக் கால்வாய்ல கொட்டுவ. இதுக்கு என்ன பண்ணப் போற? ஓட்டல்காரர் என்ன நினைக்கிறாரோ தெரியாது, கொட்டகையை விலைக்குக் கேட்டதை அவர் வாபஸ் வாங்கல. வருஷக் கடைசி வந்துக்கிட்டிருக்கு.

தோமோயே


தோனோ, டிசம்பர் 6

அக்கா,

கண்டுபிடிச்சுட்டேன்னு நினைக்கிறேன். சிரிக்காம படி.

சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்ததும் நாம கேக்காமலேயே ஒரு சின்னக் கிண்ணம் வந்து உட்காருமே, ஒத்தோஷி? ரெண்டு துண்டு ஊறுகாயோ, கொஞ்சம் கீரையோ. அதை யாரும் தேர்ந்தெடுக்கறதில்ல, யாரும் வேண்டாம்ங்கறதில்ல. தலைவரா இருந்தாலும் கடைக்காரங்க வெச்சதைத்தான் சாப்பிடணும். நம்ம கடையில முதல் கிளாஸை அப்படி வெச்சா என்ன? சின்னக் கிளாஸ். கேக்காமலேயே வரும். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற. தலைவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவர் கையில பச்சை இருக்கும்! யாரும் யாரையும் மிஞ்சல, யாரும் தனியா தெரியல, ஏன்னா யாருமே கேக்கல. ரெண்டாவது கிளாஸுக்கு "எனக்கு இதே"ன்னு தன் கிளாஸைக் காட்டினா போதும்.

என்ன பீர்னு கேட்டியே, இதோ. நாலும். வெள்ளைக்கு ஒரு தொட்டி. சிவப்புக்கு ஒண்ணு, அரைத் தொட்டிதான் காய்ச்சுவேன், ஓட்டல்காரருக்கும் ஊருக்கு வர்றவங்களுக்கும். என் செல்லத்துக்கு அரைத் தொட்டி! நெஞ்சு வலிக்குது, ஆனா சரிதான். மூணாவது தொட்டியில பச்சையும் கறுப்பும் முறை வெச்சு. உமே காய் ஜூன்லதான் வரும், அப்போ பச்சை. நண்டுக்கும் கானாங்கெளுத்திக்கும் குளிர்காலத்துல கறுப்பு. ரெண்டையும் பாட்டில்ல அடைச்சு வெச்சா அடுத்த முறை வரைக்கும் வரும்.

யார் குடிப்பாங்கன்னு கேட்டியே, அதுக்கு நீயே பதில் எழுதிட்ட.

ஒரே சிக்கல். யாருக்கு எதை வைக்கணும்னு பாத்ததும் தெரியணும். நான் ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆகப்போகுது, எனக்குப் பாதிப் பேரு முகமே தெரியாது. உனக்குத்தான் தெரியும். மருந்துக்கடை சாத்தினப்புறம் சாயங்காலம் கவுன்ட்டர்ல நீ நிப்பியா? கெஞ்சிக் கேக்கறேன். நீ இல்லாம இந்தக் கடை இல்ல, இது பேச்சுக்குச் சொல்றதில்ல.

இன்னொண்ணு. உன் கடிதம் எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் படிச்சேன். தலைவருக்கு எது, கியோமிக்கு எது, பூசாரி மாமியாருக்கு எதுன்னு எழுதியிருக்க. உனக்கு எதுன்னு ஒரு வரி இல்ல. கடையில எது வாங்கினாலும் அம்மா கேப்பாங்களே, "தோமோயே, உனக்கு?"ன்னு. நீ எப்பவும் "நாகிசாவுக்கு என்னவோ, அதே"ம்ப. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு, நான் கேட்டுக்கவே இல்ல. இப்போ கேக்கறேன்.

உனக்கு எது பிடிக்கும் அக்கா?

நாகிசா


வாகாசா, டிசம்பர் 21

நாகிசாவுக்கு,

மருந்துக்கடைக்காரங்களுக்கு டிசம்பர்ல மூச்சு விட நேரமில்ல, ஊரே இருமுது. அதனாலதான் தாமதம்னு எழுதலாம்னு இருந்தேன். அது பொய். உன் கேள்வியைப் படிச்சுட்டு எனக்கு ஒரே கோபம். இத்தனை வயசுல என்ன இது, இவளுக்கு இப்பத்தான் கேக்கத் தோணிச்சான்னு. அப்புறம் அழுதேன். அதையும் எழுதிடறேன், நீதான் கூட இல்லையே.

முதல்ல "வெள்ளை"ன்னு எழுதினேன். மடிச்சு உறையில போடறப்பத்தான் உறைச்சுது. சிவப்பு உன் செல்லம், அதைச் சொன்னா நீ நம்ப மாட்ட, அதுக்கு அடுத்தபடியா உனக்கு எது சந்தோஷம்னு கணக்குப் போட்டு எழுதியிருக்கேன். கிழிச்சுப் போட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாலையும் வரிசையா ஊத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். நான் குடிக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும். ஏன் மாட்டேன்னு எனக்கே தெரியல, யாரும் "உனக்கு ஊத்தட்டுமா"ன்னு கேட்டதில்ல, பழகிடுச்சு. ஒவ்வொண்ணையும் நிதானமா குடிச்சேன். சிவப்பு, வாய்க்குள்ள பைன் காடு. வெள்ளை, நல்ல பொண்ணு, ஆனா பேச்சு ஜாஸ்தி. கறுப்பு, மீன் கூட சரி, தனியா முடியாது. பச்சை, என் பல்லு எனக்கு வேணும்.

நாகிசா, நாலுமே எனக்குப் பிடிக்கல.

இதை எழுதினப்ப எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா! இன்னொரு தடவை எழுதறேன். நாலுமே எனக்குப் பிடிக்கல.

நேத்து ஓட்டல்காரரைப் பாத்து, விக்கறதில்லன்னு சொல்லிட்டேன். வாடிப் போனார், ஆனா சிவப்பு எப்போ வரும்னு வாசல் வரைக்கும் வந்து கேட்டார். உன் ஒத்தோஷி யோசனை நல்லா இருக்கு. கவுன்ட்டர்ல நான் நிக்கறேன். சம்பளம் பேசிக்கலாம், சும்மா நிக்க மாட்டேன்.

எனக்கு என்ன வேணும்னு எனக்கு இன்னும் தெரியாது. கசப்பு வேணும், ஆனா தொண்டையிலேயே நிக்கக் கூடாது. லேசா இருக்கணும், ஆனா தண்ணியா இருக்கக் கூடாது. உங்க முதலாளியம்மாகிட்ட இப்படி ஒண்ணு இருக்கான்னு கேளு. இல்லன்னா நீ கண்டுபிடி. புதுவருஷத்துக்கு வந்துடு, கொட்டகையைச் சேர்ந்து கழுவலாம். எனக்குப் பிடிச்சது வர்ற வரைக்கும் நீ காய்ச்சணும், அது வரைக்கும் உன்னை ஊரை விட்டுப் போக விட மாட்டேன். நான் அவ்வளவு சீக்கிரம் திருப்திப்பட மாட்டேன், சொல்லிட்டேன்.

தோமோயே